இயந்திரப் படகும் கடல்நீர்ப் பம்பியும்



கடலிற் செல்லும் படகு கடல்நீரைப் பருகியே உயிர் வாழ்கின்றது என்று கூறினால், அதனைப் புலவர் கற்பனை என்று நீங்கள் எண்ணக்கூடும். டீசல் இயந்திரம் பூட்டிய படகைப் பொறுத்தவரை அது வெறும் உண்மையேயாகும். டீசல் எரியும்பொழுது பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே படகைச் செலுத்தும் வலுவாக மாறுகின்றது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். எஞ்சியதிற் பெரும்பகுதியை நீர்தான் வாங்கிச் செல்லல் வேண்டும். அந்த நீரை இடையறாது இழுத்துக் கொடுக்கும் சிறு கருவியே கடல்நீர்ப் பம்பி.

கலைத்துறை பயின்ற ஒரு பாடசாலை அதிபருக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். அமிர்தகழியிலிருந்து முகத்துவாரம் தொலைவில் இல்லை. இப்பகுதிப் பிள்ளைகள் பலரின் தந்தையர் கடலையும் வாவியையும் நம்பி வாழ்பவர்கள். ஒரு வீட்டுப் படகின் இயந்திரம் வெந்து இறுகிவிட்டால், நகை அடகுக்குப் போகின்றது; கடன் ஏறுகின்றது; சில நாட்களில் வகுப்பறை வரவேட்டிலும் ஒரு பெயருக்கு நேரே வெற்றிடம் விழுகின்றது. ஆகவே இது பள்ளிக்கூடத்தின் கவலையுமாகும்.

இலங்கையில் 1958ஆம் ஆண்டளவில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் மீனவர்க்குத் தவணைக் கடனில் வழங்கப்படலாயின. அதற்கு முன் பாய்க்குக் காற்றை அறிவதே கடலோடியின் கல்வியாக இருந்தது. இன்று வாழைச்சேனையிலிருந்து பல நாட் படகுகள் ஆழ்கடல் செல்கின்றன. இயந்திரத்தினுள் ஓடும் நீரை அறிவதும் இன்றைய கடலோடிக்கு வேண்டிய கல்வியாகிவிட்டது.

இந்தப் பம்பி எவ்வாறு இயங்குகின்றது? வெண்கலக் கூட்டினுள் இறப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சக்கரம் சுழல்கின்றது. இம்பெல்லர் என்று படகுக்காரர் சொல்வது இதனையே. கூட்டின் உட்சுவர் ஒரு பக்கத்தில் சற்றுப் புடைத்திருக்கும். அவ்விடத்தில் இதழ்கள் வளைந்து நீரை வெளியே தள்ளும்; அதனைக் கடந்ததும் நிமிர்ந்து புதிய நீரை உள்ளே இழுக்கும். இதழுக்கும் கூட்டுக்கும் இடையே உராய்வைத் தணிப்பதும் அதே நீர்தான். நீரின்றிச் சுழன்றால் ஒரு நிமிட அளவிலேயே இறப்பர் கருகத் தொடங்கலாம். ஆதலின் இயந்திரத்தை இயக்குமுன் கடல்நீர் அடைப்பானைத் திறத்தல் முதல் விதி. இயக்கியவுடன் புகைக்குழாயோடு நீர் வெளிவருகின்றதா என்று பார்த்தல் இரண்டாம் விதி. வெளியிணைப்பு இயந்திரத்துக்கும் இது பொருந்தும். அதன் பக்கத்திற் பீறிடும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிட்டால், இயந்திரத்தையும் உடனே நிறுத்துக.

எங்கள் வாவிக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. மாரி வெள்ளம் ஆற்றுவாழையையும் பொலித்தீன் பைகளையும் அள்ளிவரும். அவை உறிஞ்சு வாயையும் வடிகட்டியையும் அடைக்கும். முகத்துவாரத்து மணல் இதழ்களையும் பம்பியின் மூடித் தகட்டையும் அரத்தைப் போல் அராவும். ஆகையால் வடிகட்டியை நாள்தோறும் பார்த்தல் நன்று. இறப்பர்ச் சக்கரத்தை உற்பத்தியாளர் குறித்த மணிக்கணக்கின்படியோ, ஆண்டுக்கு ஒருமுறையோ மாற்றுவது பொது வழக்கம். மணல் நீரில் ஓடும் படகுக்கு அதற்கு முன்னரே மாற்றல் வேண்டும்.

பழைய சக்கரத்தைக் கழற்றும்போது இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு வெப்பமாற்றியின் குழாய்களில் எங்கோ சிக்கியிருக்கும். அதனைத் தேடி எடுக்காமல் புதிய சக்கரத்தைப் பூட்டுவதால் நோய் தீராது. பம்பிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அடிப்புறத்தில் ஒரு சிறு துளை உண்டு. அதில் நீர் சொட்டினால் நீர்த்தடுப்பு வளையம் தேய்ந்தது. எண்ணெய் சொட்டினால் எண்ணெய்த்தடுப்பு வளையம் தேய்ந்தது. வளையத்தை மாற்றுவதே பரிகாரம். துளையை அடைத்துவிட்டால் கடல்நீர் இயந்திரத்தின் எண்ணெயினுள் புகும். பின்னர் வரும் செலவுக்கு எல்லையில்லை.

இனித் தேர்ந்தெடுத்தலைப் பார்ப்போம். கடையில் விலையை மட்டும் கேட்டு வாங்குவது தகாது. ஒரு கணக்குப் போடுவோம். 40 குதிரைவலு இயந்திரம் ஏறத்தாழ 30 கிலோவாற்று வலுவைத் தருகின்றது. குளிர்நீர் ஏற்க வேண்டிய வெப்பமும் அதற்கு அண்மையானதே. நீரின் சூடு 10 பாகைக்கு மேல் உயராதிருக்க, நிமிடத்துக்குச் சுமார் 45 லீற்றர் நீர் வேண்டும். தேய்வுக்கும் அடைப்புக்கும் இடம்வைத்துச் சற்று மிகுதியாகக் கொள்வது அறிவுடைமை. எங்கள் கடல்நீர் இயல்பாகவே வெதுவெதுப்பானது. மேலும் கடல்நீர் மிகச் சூடேறினால் குழாய்களில் உப்புப் படிந்து வழியைச் சுருக்கும். உறிஞ்சு குழாய் பம்பியின் வாயினும் ஒடுங்கியதாக இருத்தல் ஆகாது.

கூடு வெண்கலமாயிருப்பது நல்லது. சாதாரணப் பித்தளையில் உள்ள நாகத்தை உப்புநீர் நாளடைவில் அரித்தெடுத்துவிடும். தூய கடல்நீருக்கு நியோப்பிரீன் இறப்பர் ஏற்றது. எண்ணெய் கலந்த அடித்தட்டு நீரை இறைப்பதற்கு நைத்திரைல் வகை வேண்டும். பூட்டும்போது கிறீசுக்குப் பதிலாகக் கிளிசரினோ சவர்க்கார நீரோ பூசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றுச் சக்கரம் மட்டக்களப்புக் கடைகளில் எளிதிற் கிடைக்குமா என்று முதலிற் கேளுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத மலிவான பம்பி முடிவில் மலிவானதன்று.

படகைக் கரையேற்றி வைக்கும் காலத்தில் நன்னீரால் உப்பைக் கழுவி, சக்கரத்தைக் கழற்றி வைத்தல் நன்று. வளைந்தபடியே கிடந்த இதழ் வளைவை மறவாது. கடலுக்குப் போகும்போது ஒரு மாற்றுச் சக்கரம், மூடிக்குரிய கடதாசி அடைப்பு, அவற்றைப் பூட்டும் கருவிகள் ஆகியன படகில் இருத்தல் வேண்டும். வாடைக் காற்றில் இயந்திரம் நின்ற படகு அலைக்கும் நீரோட்டத்துக்கும் உடைமையாகிவிடும். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இறப்பர்த் துண்டைக் காலத்தில் மாற்றுவதற்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியைக் கரையிலேயே செலவிடுங்கள் என்று கடற்றொழில் செய்யும் சகோதரர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். தந்தையர் இதனைச் செய்யும்போது பிள்ளைகளையும் அருகில் இருத்திக் காட்டுவார்களாயின், அதுவும் நல்ல பாடமாகும்.