எழுவாய் எங்கே?



திருமங்கலத்தில் தொடங்கி இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் புளியங்குடியின் ஊடே செல்கிறது. எலுமிச்சைச் சந்தைக்கு வரும் வண்டிகள், கேரளம் நோக்கிப் போகும் சரக்கு லாரிகள், பேருந்துகள், ஆடு மாடுகள், புத்தகப் பையுடன் சைக்கிளில் செல்லும் பிள்ளைகள் ஆகிய அனைவருக்கும் அந்த ஒரே சாலைதான் வழி. மோட்டார் வண்டி ஓட்ட உரிமம் வேண்டும், தேர்வும் உண்டு. சைக்கிளுக்கு அவை இரண்டும் இல்லை. அரசு விலையின்றி வழங்கும் சைக்கிளைப் பெற்றுக்கொண்ட அன்றே ஒரு மாணவன் நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். அவனைத் தேர்வு செய்யவும் திருத்தவும் அவனையன்றி வேறு ஆசிரியர் இல்லை. ஆதலின் தன் பிழையைத் தானே காணும் பழக்கம் அவனுக்கு மிகவும் வேண்டுவதாகும்.

முழங்காலில் கட்டுடன் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கூறும் விளக்கங்களைப் பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர். "பிரேக் பிடிக்கவில்லை, ஐயா." "சைக்கிள் சறுக்கிவிட்டது." "லாரி வந்துவிட்டது." "மாடு குறுக்கே பாய்ந்தது." இவ்வாக்கியங்களை இலக்கண வகுப்பில் வைத்து ஆராய்வோம். முதல் வாக்கியத்தின் எழுவாய் பிரேக், இரண்டாவதன் எழுவாய் சைக்கிள், மூன்றாவதில் லாரி, நான்காவதில் மாடு. சைக்கிளை ஓட்டிச் சென்றவன் எங்கே? அவன் தோன்றா எழுவாயாகக்கூட இல்லையே! நான்கும் பொய்யல்ல. ஆயினும் நான்கிலும் ஒருவர் காணாமற் போயிருக்கிறார்.

இப்போது அவற்றைத் தன்மை ஒருமையில் மாற்றி எழுதிப் பார்ப்போம். "பிரேக் கட்டை தேய்ந்திருப்பதை நான் ஒரு வாரமாக அறிந்தும் மாற்றவில்லை." "சாரலில் நனைந்த சக்கரத்தில் பிரேக் உடனே பிடிக்காது என்பதை எண்ணாமல் நான் வேகமாகச் சென்றேன்." "நான் திரும்பிப் பாராமலும் கை காட்டாமலும் வலப்பக்கம் திரும்பினேன்." "தோழர் இருவரோடு வரிசையாகப் பேசிக்கொண்டு சென்றதால் நான் மாட்டைக் கவனிக்கவில்லை." என்ன வேறுபாடு? முன்னைய வாக்கியங்களைக் கேட்டால் இரக்கம் பிறக்கும், வேறொன்றும் செய்வதற்கில்லை. பின்னையவற்றிலோ மருந்தும் உடன் இருக்கிறது. கட்டையை மாற்றலாம், சாரற்காலத்தில் மெதுவாகச் செல்லலாம், கை காட்டலாம், ஒருவர் பின் ஒருவராகப் போகலாம். சாலையின் மறுபக்கம் செல்லச் சோம்பி, வலப்பக்கமாகவே எதிர்த்து வருபவனும், விளக்கின்றி இருட்டில் செல்பவனும் இவ்வாறே தம் வாக்கியங்களைத் திருத்திக்கொள்ளலாம்.

"அப்படியானால் அதிவேகமாக வந்த லாரிக்காரர் குற்றமற்றவரா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1809-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒருவர் தம் வீட்டைப் பழுதுபார்க்கையில் சாலையின் ஒரு பகுதியில் கழியொன்றைப் போட்டிருந்தார். அந்தி மயங்கும் வேளையில் குதிரையில் விரைந்து வந்த வேறொருவர் அதில் மோதி விழுந்து காயமுற்றார். வந்தவர் கவனமாக வரவில்லை என்ற காரணத்தால் அவருக்கு இழப்பீடே இல்லை என்று தீர்ப்பாயிற்று. தம் பிழையில் ஒரு பகுதி வெளிப்பட்டால் அனைத்தையும் இழக்க வேண்டும் என்றால், யார்தான் வாய் திறப்பர்? 1945-இல் அந்நாட்டினர் சட்டத்தை மாற்றி, அவரவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கும் முறையைக் கொணர்ந்தனர். நம் நாட்டு வாகன விபத்துத் தீர்ப்பாயங்களும் பிழையைப் பங்கிட்டுப் பார்க்கின்றன. உன் பங்கை நீ ஒப்புவதனால் பிறர் பங்கு மறைந்துவிடாது.

லாரிக்காரரின் பொறுப்பு பெரிது, ஐயமில்லை. ஆயினும் கணக்கொன்றைப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். உங்களைக் கண்டு அவர் கால் பிரேக்கை நாடும் முன்பே அத்தொலைவு கடந்து போகிறது. அவருடைய பிரேக் உங்கள் கையில் இல்லை. திரும்புமுன் பின்னே பார்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. வழக்கில் வெற்றி பெறுவது வேறு. மாலையில் வீடு திரும்புவது வேறு.

ஒப்புக்கொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வாஷிங்டனை நெருங்கிய பயணிகள் விமானம் ஒன்று வர்ஜீனியா மாநிலத்து மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில் அதே வகைத் தவற்றால் மயிரிழையில் தப்பியிருந்தது பின்னர்த் தெரியவந்தது. அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. பிற நிறுவனத்தார் செவிக்கு அது எட்டவில்லை. 1976-இல் அங்கே புதிய ஏற்பாடு ஒன்று பிறந்தது. தாம் அறியாமற் செய்த பிழைகளை விமானிகள் எழுதித் தெரிவிக்கலாம். பெயர் மறைக்கப்படும், காலத்தே தெரிவித்தவர்க்குத் தண்டனையிலிருந்து சலுகையும் உண்டு. ஒருவர் பிழை பலருக்குப் பாடமாயிற்று.

இதனை நம் பள்ளிகளிலும் செய்யலாம் அன்றோ? வாரத்தில் ஒரு நாள், ஐந்து நிமிடம் போதும். மயிரிழையில் தப்பியதை, 'நான்' என்ற எழுவாயுடன் ஒரு வாக்கியத்தில் பெயரில்லாத தாளில் எழுதி மாணவர்கள் பெட்டியில் இடட்டும். ஆசிரியர் படித்துக் காட்டட்டும். நின்ற பேருந்தின் இடப்பக்கமாகப் புகுந்து, இறங்கிய மூதாட்டியை இடிக்கப் பார்த்ததாக ஒருவன் எழுதினால், மறுநாள் நாற்பது பேர் அவ்விடத்தில் நிற்பர். ஆனால் எழுதியவன் யாரென்று தேடவோ கடியவோ கூடாது. உண்மை சொன்ன பிள்ளையை அடிக்கும் வீட்டில், அடுத்த முறை "சைக்கிள்தான் சறுக்கியது" என்ற விடையே கிடைக்கும். பெற்றோர் இதனை மறத்தலாகாது.

திருக்குறளில் 'குற்றங்கடிதல்' என்னும் அதிகாரம் அரசியல் என்ற இயலில் இருக்கிறது. ஆளுபவனுக்கு உரிய கடமையாகத் தன் குற்றம் களைதலைத் திருவள்ளுவர் வைத்தார். சைக்கிளின் கைப்பிடியைப் பற்றும் நீங்களும் சிறியதோர் ஆட்சியை ஏற்கிறீர்கள். இன்று மாலை வீடு சேர்ந்ததும் வந்த வழியை ஒருமுறை நினைந்து பாருங்கள். 'நான்' என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை உண்மையாகச் சொல்லுங்கள். நாளைக் காலை சைக்கிளில் ஏறுமுன் அவ்வாக்கியம் உங்கள் நினைவுக்கு வரட்டும்.