யார் பணம், யாருக்குக் கடன்?

(பாடாலூரில் இளைஞர்கள், மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நம்ம சனங்க வங்கி வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு நின்னதை நான் பார்த்திருக்கேன். கடன் கேட்கப் போனவங்க இல்ல. தங்களோட கூலிப் பணத்தை எடுக்கப் போனவங்க. பண்ணையார் வாசல்ல பழகின பயம் அது.

வங்கிக்குச் சொந்தப் பணம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் மக்கள் போட்டது. சின்ன வெங்காயம் வித்த காசு, மக்காச்சோளம் வித்த காசு, கல்குவாரிக் கூலி எல்லாம் அங்கே சேருது. அதில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியில் வைக்கணும், ஒரு பகுதியை அரசுப் பத்திரத்தில் போடணும். மிச்சத்தைக் கடனாகக் கொடுக்கலாம். போட்டவருக்குக் குறைந்த வட்டி, வாங்குபவரிடம் கூடுதல் வட்டி. இந்த இடைவெளிதான் வங்கியின் பிழைப்பு. அப்படிப் பார்த்தால், நூறு ரூபாய் போட்டிருக்கிற ஆயாவுக்கு வங்கிதான் கடன்காரன்!

அப்புறம் ஏன் நாம அஞ்சு வட்டிக்கு அலையறோம்? நூத்துக்கு மாசம் அஞ்சுன்னா வருஷத்துக்கு அறுபது. வங்கிப் பயிர்க்கடனுக்கு ஏழு. தவணை தவறாமல் கட்டினால் நாலு. ஆனா வங்கி பட்டா கேட்கும், சொத்து ஜாமீன் கேட்கும். டிரமன்ஹீர் அறிக்கைக்குப் பின் 1892-இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமே கைமாறிப் போச்சு. நிலம் போனபோதே கடன் வாங்கும் தகுதியும் போச்சு. எந்தப் படிவத்திலும் சாதி என்று எழுதாமலே சாதி வேலை செய்வது இப்படித்தான்.

1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980-இல் இன்னும் 6. கிராமத்துக்குக் கிளை வந்தது. சேரிக்குக் கடன் வந்துச்சா?

அண்ணல் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைப் பற்றி 1923-இலேயே நூல் எழுதியவர். ஹில்டன் யங் குழு முன் சாட்சியம் சொன்னவர். அந்தக் குழுவின் பரிந்துரை வழியாகத்தான் 1935-இல் ரிசர்வ் வங்கி வந்தது. அவர் பிள்ளைகள் நாம் கணக்குக்குப் பயப்படலாமா?

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கல்விக்கடன் 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். விவசாயக் கடனுக்கு 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை வேண்டாம். வங்கிகள் கொடுக்கும் கடனில் 12 விழுக்காடு நலிந்த பிரிவினருக்குப் போகணும் என்பது விதி. சிறு விவசாயிகள், சுயஉதவிக் குழுக்கள் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். அதில் தலித்துக்கு எவ்வளவு என்று தனிக்கணக்கு கேளுங்கள்.

முக்கியமானது ஒன்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரின் கடன் மனுவைக் கிளை மட்டத்தில் தள்ளுபடி செய்யக் கூடாது. அதற்கு மேலுள்ள அதிகாரிதான் செய்யணும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிடணும். இது ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை. "உங்களுக்கெல்லாம் தரமுடியாது, போம்மா" என்று வாயால் சொல்லி அனுப்பும் அதிகாரம் மேனேஜருக்கு இல்லை. எனவே மனுவை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், படித்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும்.

செருப்பைக் கழட்டாமப் போங்க. உள்ளே இருக்கிறது நம்ம பணம்.