படிச்ச பாடம் எந்தக் கணக்கில்?

(சாத்தாங்காட்டில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏத்துறவங்க, எண்ணூர்ப் பக்கம் காண்ட்ராக்ட் வேலைக்குப் போறவங்க, இவங்க வீட்டுப் பிள்ளைகள்தான் இங்க அதிகம் இருக்கீங்க. பாலிடெக்னிக் முடிச்ச ஒரு தங்கச்சி கேட்டுச்சு: “அண்ணா, டிப்ளமோவில் படிச்சதைக் கணக்கில் எடுத்துக்கிட்டு அமெரிக்காவில் இன்ஜினியரிங் சேர்ப்பாங்களா?” மயிலாப்பூர்ப் பிள்ளை கேட்டா லட்சியம்னு சொல்ற ஊர், நம்ம பிள்ளை கேட்டா பேராசைங்குது.

சேர்ப்பாங்க, ஆனா முழுசா கணக்கில் எடுக்க மாட்டாங்க. அங்கே பொறியியல் பட்டத்துக்குச் சுமார் 120லிருந்து 130 கிரெடிட் வேணும். நம்ம மதிப்பெண் பட்டியலையும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் வாங்கி, அவங்க பாடத்தோட ஒப்பிட்டு, ஒத்துப்போறதை மட்டும் ஏத்துக்குவாங்க. கணக்கு, இயற்பியல் ஓரளவு தேறும். லேத் பிடிச்சுக் கத்துக்கிட்டது தேறுவது கஷ்டம். (கைவேலைக்கு எங்கேயும் மதிப்புக் குறைச்சல்தான்!) இதுக்கு மேல, முதல் வருஷச் செலவுக்குப் பணம் இருக்குன்னு காட்டினாத்தான் விசா.

அந்தப் பணத்துக்கு எங்கே போறது? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இல் தொடங்கியது. இப்போ ஆண்டுக்கு 125 இடம். பட்டியல் சாதியினருக்கு 115, நாடு முழுக்கச் சேர்த்து. அதுவும் முதுநிலைக்கும் பிஎச்.டி.க்கும் மட்டும். இளநிலைப் பட்டத்துக்கு ஒரு பைசா கிடையாது. பட்டம் வாங்கினவனுக்குத்தான் ஏணி. பாதியில் நிக்கிறவனுக்கு இல்லை.

பாபாசாகேப்பும் பாதியில் நின்னவர்தான். 1917இல் பரோடா உதவித்தொகைக் காலம் முடிஞ்சு லண்டன் படிப்பை விட்டுத் திரும்பினார். நாலு வருஷத்துக்குள் வந்து தொடரலாம்னு லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்திருந்தது. சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த காசு, கோலாப்பூர் ஷாகு மகராஜ் உதவி, நண்பரிடம் கடன்னு திரட்டிக்கிட்டு 1920இல் போனார். 1921இல் எம்.எஸ்சி., 1923இல் டி.எஸ்சி. இடம் காத்திருந்தது, காசைத்தான் அவர் தேட வேண்டியிருந்தது.

இன்னைக்கு நம்ம கையில் இருக்கிற வழி, இங்கேயே டிப்ளமோவை வெச்சு பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாச் சேர்றது. முதல் வருஷத்தைக் கழிச்சுத் தர்றாங்களே, அதுவும் படிச்ச பாடத்தைக் கணக்கில் எடுக்கிறதுதான். 18 சதவீத இடஒதுக்கீடு அதிலும் உண்டு. அதில் 3 அருந்ததியருக்கு. அறுபது சதவீத மதிப்பெண்ணோட பட்டத்தை முடிச்சா அயல்நாட்டு உதவித்தொகைக்கு மனுப் போடலாம். சிலபஸ் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதீங்க.

ஆனா இதோட அடங்கிப் போகச் சொல்லலை. உதவித்தொகையை இளநிலைக்கும் திறந்து விடணும்னு கோரிக்கை மனு தயாரா இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நேரடிச் சேர்க்கை விண்ணப்பம் நிரப்பணும்னா, சாதிச் சான்றிதழை எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க.