ஊடும் பாவும்
(தருமபுரியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழைப் பற்றிப் பேச அழைக்கப்பெற்றவன் தறியைப் பற்றிப் பேசுகின்றானே என நீங்கள் எண்ணக்கூடும். நான் பேச வந்தது தமிழைப் பற்றியே. ஒரு தொழில் மறையுமாயின் அதனொடு பிறந்த சொற்களும் மறையும். அச்சொற்களைக் காக்க ஏட்டில் எழுதி வைத்தல் மட்டும் போதாது. கைகளும் அவற்றை அறிதல் வேண்டும். ஆதலின், ஓய்வுப்பொழுதில் நூலெடுத்துப் பின்னுங்கள், சிறுதறி கட்டி நெய்யுங்கள் என வேண்டவே நான் வந்துள்ளேன்.

நம் முன்னோர் பஞ்சை முறுக்கி இழுத்ததையும் நூல் என்றனர். அறிவைத் திரட்டி யாத்ததையும் நூல் என்றனர். தறியில் நீளவாட்டில் நிற்கும் இழைத்தொகுதி பா. புலவன் பாடியதும் பா. பனுவல் என்னும் சொல்லும் இழைக்கும் ஏட்டிற்கும் பொதுவாயிற்று. நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்லைப் பஞ்சுக்கும், புலவனை நூற்கும் பெண்ணுக்கும், அவன் மதியைக் கதிருக்கும் ஒப்பிடுகின்றது. கதிரைக் கண்ணாற் கண்டிராத மாணவனுக்கு இவ்வொப்புமை எங்ஙனம் விளங்கும்? அவன் உரையை மனப்பாடம் செய்வான், தேர்வில் எழுதுவான், மறந்துவிடுவான்.

துணிக்கப்பட்டது துணி, அறுக்கப்பட்டது அறுவை, துண்டிக்கப்பட்டது துண்டு. நெய்து முடிந்ததைத் தறியினின்று அறுத்தெடுக்கும் செயலே இப்பெயர்களில் நிற்கின்றது. புறநானூறு நூல் நூற்கும் மகளிரைப் பருத்திப் பெண்டு எனச் சுட்டுகின்றது. இழை சென்ற வழி கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய ஆடையைப் பாம்பின் உரிக்கு ஒப்பிடுகின்றது பொருநராற்றுப்படை. பட்டாலும் மயிராலும் பருத்தி நூலாலும் நெய்வோர் புகார் நகரில் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. நெசவு நமக்கு இரவல் வந்த கலை அன்று.

இன்று நெசவாலைகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் வார்ப் என்கின்றனர், வெஃப்ட் என்கின்றனர், ரீடு என்கின்றனர். கேட்டால், தமிழில் கலைச்சொல் இல்லை என்கின்றனர். இல்லையா? வார்ப் என்பது பாவு. வெஃப்ட் என்பது ஊடை. ரீடு என்பது அச்சு. பாவிழைகளை ஏற்றி இறக்கும் நூற்கண்ணிகள் விழுது. காலால் அழுத்துவது மிதி. ஊடைநூல் சுற்றிய குச்சி தார். நெய்த துணியைச் சுருட்டுவது படைமரம். கலைச்சொல் தேடி நாம் அகரமுதலிகளைப் புரட்டுகின்றோம். அவையோ நெசவாளர் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் புழங்குகின்றன.

என் பட்டறிவு ஒன்றைச் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், ‘ஊடும் பாவும் போல’ என்னும் தொடர்க்குப் பொருள் கேட்டேன். நாற்பது மாணவருள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருத்தி தனியே வந்து, “ஐயா, எனக்குத் தெரியும். எங்கள் அம்மா தார் சுற்றுவார்கள், அப்பா நெய்வார். சொன்னால் தறிக்காரி என்று சிரிப்பார்கள்” என்றாள். மொழியறிவு மிக்கவள் அவ்வகுப்பில் அவளே. வாய் பொத்தி இருந்தவளும் அவளே! மறுநாள் மூங்கிலால் ஒரு சட்டம் கட்டினோம். அவளைக் கற்பிக்கச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். அன்று ஆசிரியர் அவள், எழுத்தர் நான். கிழமை முடிவதற்குள் வகுப்பே தறியைச் சுற்றி நின்றது. பின்னர் அவளைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை.

அச்சட்டத்தை நீங்களும் வீட்டில் செய்யலாம். ஓரடிச் சதுரத்தில் நான்கு கட்டைகளை இணையுங்கள். மேற்கட்டையிலும் கீழ்க்கட்டையிலும் அரைவிரல் இடைவெளியில் சிற்றாணிகள் அடியுங்கள். நூலை மேலும் கீழுமாக ஆணிகளில் மாட்டி இறுக்கிக் கட்டினால் அது பாவு. கோணியூசியில் வேறு நிற நூலைக் கோத்து, ஓர் இழைக்கு மேல், அடுத்த இழைக்குக் கீழ் எனச் செலுத்துங்கள். திரும்பும்போது மேலதைக் கீழாகவும் கீழதை மேலாகவும் மாற்றுங்கள். அதுவே ஊடை. ஒவ்வொரு வரியையும் மரச்சீப்பால் அழுத்துங்கள். சில மாலைகளில் ஒரு சிறுவிரிப்பு உங்கள் கையில் இருக்கும்.

பின்னலுக்குத் தறியும் வேண்டா. நெசவுக்கு இரு தொகுதி இழை வேண்டும். பின்னலுக்கு ஓரிழையே போதும். இரண்டு மூங்கிற் குச்சிகளில் கண்ணிக்குள் கண்ணி கோத்து வளர்ப்பதே பின்னல். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் இயல்பு அக்கண்ணிகளால் வருவது. திருப்பூரின் பின்னலாடைப் பொறிகள் செய்வதும் இதுவே. ஓசூர்ப் பக்கத்துக் குளிருக்குக் கம்பளி நூலில் கழுத்துத்துணி ஒன்று பின்னிப் பாருங்கள்.

இதில் வரும் இன்பம் செய்வார்க்கே விளங்கும். கண்ணும் கையும் எண்ணிக்கையும் ஒன்றுபடும். விரலுக்குப் பணி கிடைத்ததும் உள்ளத்தின் அலைச்சல் அடங்கும். பிழை நேர்ந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். இழையை உருவி மீண்டும் கோக்கலாம். நாளெல்லாம் கைப்பேசித் திரையைத் தேய்க்கும் விரல், மாலையில் எதையும் ஆக்கியிருப்பதில்லை. நெய்த விரலோ, ஒரு சாணேனும் துணியைக் காட்டும்.

“இது பழைய குலக்கல்வியை மீண்டும் அழைப்பதன்றோ?” என ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. 1953-இல் முதலமைச்சர் இராசாசி கொணர்ந்த திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கச் செய்தது. அவர் பிறந்த தொரப்பள்ளி, 2004 வரை நம் மாவட்டத்தில் இருந்த ஓசூர்ப் பக்கத்து ஊர்தான். தமிழகம் அத்திட்டத்தை எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதனை நீக்கியது. நீக்கியது சரியே. நெசவாளர் மகன் நெசவாளனாகவே இருக்கக் கடவன் என்பது அடிமைத்தனம். நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. நெசவாளர் மகள் மருத்துவம் படிக்கட்டும். மருத்துவர் மகன் மாலையில் தறியில் அமரட்டும். பிறப்பால் சுமத்தப்பட்டால் தொழில் விலங்கு. விருப்பால் ஏற்றால் கலை. எல்லாரும் தொட்ட தொழிலில் இழிவு ஒட்டாது.

மற்றொரு பயனும் உண்டு. 40-ஆம் எண் நூல் என்றால், ஓர் இராத்தல் எடையில் 40 கழி. ஒரு கழி 840 கெசம். ஆக 33,600 கெசம், ஏறத்தாழ 19 கல் தொலைவு! தருமபுரியினின்று பென்னாகரம் வரை நீட்டலாம். அத்தனை இழையையும் ஒரு மனிதன் கையாலும் காலாலும் துணியாக்குகின்றான். ஒரு சாண் நெய்து பார்த்தவர், கைத்தறிக் கடையில் வேட்டிக்கு விலை குறைத்துக் கேட்க நாணுவர்.

நம் நகரின் அங்காடியில் உழவர் பட்டுக்கூடுகளைக் கொண்டுவந்து குவிக்கின்றனர். ஒரு நல்ல கூட்டினின்று 2,000 அடிக்கு மேலும் இழை உருவலாம். இழைக்கு இங்குப் பஞ்சமில்லை. அருகி வருவன கைகளே. இந்திய நாட்டில் கைத்தறியைச் சார்ந்து உழைத்தோர் 1995–96 கணக்கெடுப்பில் 65 இலக்கம். 2009–10-இல் 43 இலக்கம். 2019–20-இல் 35 இலக்கம். கால் நூற்றாண்டில் ஏறத்தாழ பாதிப் பேர் தறியை விட்டு இறங்கினர். கூலி போதாமையும் விசைத்தறியின் போட்டியும் அவர்களை இறக்கின. அவர்களை இறங்காதே எனத் தடுக்க நமக்கு உரிமையில்லை. அவர்கள் நெய்ததை வாங்கவும், அவர்கள் சொற்களைக் கற்கவும் நமக்குக் கடமை உண்டு.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே! பள்ளிக்கொரு சிறுதறி வையுங்கள். அருகில் உள்ள நெசவாளரை அழைத்து நாற்காலியிட்டு அமர்த்திப் பாடம் கேளுங்கள். தாய்மார்களே! பெண் பிள்ளைக்கு மட்டுமன்றி ஆண் பிள்ளைக்கும் பின்னக் கற்றுக்கொடுங்கள். இளைஞர்களே! பாட்டியரிடம் சென்று, நூலொடு தொடர்புடைய சொற்களைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதைக் கையாலும் செய்து பாருங்கள்.

ஏட்டு நூலையும் இழை நூலையும் ஒரே சொல்லால் அழைத்த இனம், இரண்டையும் ஒரே கையால் தொடட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க உழைப்பு!