நிற்பவருக்கு ஒரு கதிரை

(சட்டனில் நடந்த சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உடுப்புக்கடை நடத்துவது பற்றிப் பேசச் சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஏ.எல். உடன் படிப்பை விட்ட தொழிற்சாலைத் தொழிலாளி. ஆனால் இங்கே இருக்கிற பிள்ளையள் எத்தனையோ பேர் ஹைஸ்ட்ரீட் கடைகளில் சனிக்கிழமை வேலை செய்யிறியள். சிலர் சுப்பவைசராகவும் வந்திட்டியள். ரூட்டிங்கில் புடைவைக்கடை போடுகிற யோசனையோடு இருப்பவர்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று நானும் பட்டுத்தான் படித்தேன். அந்தத் துணிவில் பேசுகிறேன்.

எல்லோருக்கும் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சரைத் தெரியும். அதைத் தொடங்கியவரும் எங்களைப் போல வந்தவர்தான். மைக்கல் மார்க்ஸ் என்ற யூதர், இன்றைய பெலாரூஸ் நாட்டிலுள்ள சுலோனிம் ஊரவர். அன்று அது ரஷ்யப் பேரரசு. யூதர் மீது வன்முறை நடந்த 1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து வந்தார். ஆங்கிலம் மட்டுமட்டு. 1884இல் லீட்ஸ் சந்தையில் ஒரு தட்டு வைத்தார். எல்லாம் ஒரு பென்னி, விலை கேட்கத் தேவையில்லை என்று எழுதிப் போட்டார். பாஷை தெரியாதவனுக்கு அது எவ்வளவு வசதி! 1894இல் ரொம் ஸ்பென்சர் 300 பவுண் போட்டுப் பங்காளியானார்.

கடை பெருத்து, மகன் சைமன் மார்க்ஸ் காலம் வந்தது. 1930களின் தொடக்கத்தில் ஒரு விருந்தில் ஃபுளோரா சொலமன் என்ற பெண்மணி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். அவரும் ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதப் பெண். உங்கள் கடைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் காணாது, மத்தியானம் பட்டினி கிடக்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சைமன் மார்க்ஸ் கோபித்துக்கொண்டு எழும்பவில்லை. நீங்களே வந்து சரிப்படுத்துங்கள் என்று அவருக்கே வேலை கொடுத்தார். சுடுசாப்பாடு, வைத்தியர், பல்வைத்தியர் எல்லாம் கடைக்கு வந்தது அப்படித்தான். அந்த அம்மாவின் மகன் பீற்றர் பெனன்சன்தான் 1961இல் சர்வதேச மன்னிப்புச் சபையைத் தொடங்கியவர். அகதிகளான எங்களுக்கு அந்தச் சபையை அறிமுகம் செய்யத் தேவையில்லை.

இனி எங்கள் பக்கம் பாருங்கள். சென்னைத் தியாகராய நகர்ப் புடைவைக்கடைகளில் நாள் முழுக்க நின்றே விற்கும் பிள்ளைகளின் கதையை 2010இல் 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து அழுதோம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் கடைப் பெண்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, மலசலகூடமும் இருக்க ஆசனமும் கேட்டுப் போராடினார். 2018இல் கேரளத்திலும் 2021இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. இந்த நாட்டில் மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஒரு ஆசனமாவது வை என்ற சட்டம் 1899இலேயே வந்துவிட்டது. ஒரு கதிரை போட எங்கும் சட்டம் வேண்டியிருக்கிறது!

என் பிழையையும் சொல்ல வேண்டும். என்னை முதன்முதலில் லைனுக்குப் பொறுப்பாக விட்டபோது, வயதான ஒரு அக்கா மெதுவாக வேலை செய்கிறா என்று எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டேன். அவ ஒன்றும் பேசவில்லை. பிறகு தனியே வந்து, "தம்பி, கால் வீங்கிப் போச்சு, சப்பாத்துக் கழட்ட ஏலாமல் கிடக்கு" என்றா. என் அம்மாவின் கால் ஞாபகம் வந்தது. அடுத்த நாள் ஒரு ஸ்ரூல் கொண்டுபோய் வைத்தேன். வேலை குறையவில்லை, கூடியது.

சுப்பவைசராக இருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். வேலை நேர அட்டவணையை ஒரு கிழமைக்கு முன்னமே ஒட்டுங்கள். உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறை வாசலில் ஒருவரையே நாள் முழுக்க நிறுத்தாமல் மாற்றி மாற்றி விடுங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஏசாதீர்கள். கடை பூட்டுமுன் ஐந்து நிமிடம், "இண்டைக்கு ஆக்கள் என்ன கேட்டு இல்லாமல் போனவை?" என்று கேளுங்கள். அடுத்த முறை எதை வாங்கிப் போடலாம் என்பது விற்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட ஓய்வு சட்டம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நாலரை மணித்தியாலம் தாண்டினால் 30 நிமிடம். இதை வேலை செய்யும் பிள்ளைகளும் ஞாபகம் வையுங்கள்.

கடைசியாக, கடை போடப்போகும் அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. "எங்கடை ஆக்கள்தானே, குடும்பம் மாதிரி" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதும், நேரத்தைக் கூட்டுவதும் எங்கள் மத்தியில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தவரை நாங்கள் நிற்க வைத்தா கதைக்கிறோம்? முதலில் கதிரையைத்தானே இழுத்துப் போடுகிறோம். குடும்பம் என்று சொன்னால் கடையிலும் அதைச் செய்யுங்கள்.

எல்லோருக்கும் புத்தாண்டு நல்வாழ்த்துக்கள்.