ஓரம் தெரியாத கட்டம்: கோலமும் கணினியின் வடிவ நிரப்பலும்

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூரில் அமாவாசை இரவுதோறும் நடைபெறும் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்தையும், மாசி மாதத்தில் மகா சிவராத்திரியையொட்டி வரும் மயானக் கொள்ளையையும் அறியாதவர் இப்பகுதியில் இலர். அவ்விழாக்கள் நெருங்கும்போது திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் ஆகிய ஊர்களின் அச்சகங்களிலும் பிளக்ஸ் கடைகளிலும் அன்னதான அழைப்பிதழ், வரவேற்புப் பதாகை, சுவரொட்டி எனக் கணினி வேலைகள் குவிகின்றன. அவற்றின் பின்னணியை உற்று நோக்கினால், ஒரே வேப்பிலையோ பூவோ கோடோ திரும்பத் திரும்ப வந்து வெற்றிடத்தை நிரப்பியிருப்பது புலப்படும். வடிவமைப்பாளர்கள் பேட்டர்ன் ஃபில் என்று வழங்கும் இந்த வடிவ நிரப்பலைப் பற்றியும், அதற்குத் தேவையான அறிவு நம் வாசல்களிலேயே நெடுங்காலமாக இருந்துவருவதைப் பற்றியும் இவ்வுரை பேசுகிறது.

வடிவ நிரப்பலில் பரப்பு முழுவதையும் எவரும் வரைவதில்லை. ஒரு சிறு சதுரத்தையோ செவ்வகத்தையோ மட்டும் வரைந்து கொடுத்தால், மென்பொருள் அதனைத் தரையில் ஓடு பதிப்பதுபோல் இடம், வலம், மேல், கீழ் என நான்கு திசைகளிலும் பரப்பிக்கொள்கிறது. அச்சிறு கட்டத்துக்கு டைல் என்று பெயர். இவ்வுரையில் அது அலகு எனப்படும். 1984-இல் மக்கின்டாஷ் கணினியோடு வெளிவந்த மேக்பெயின்ட் என்னும் வரைகலை மென்பொருளில், அகலத்தில் 8, உயரத்தில் 8 புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளை அலகுகளைக் கொண்டே திரையை நிரப்பினர். இன்றைய மென்பொருள்களில் அலகு மிகப் பெரிதாகவும் இருக்கலாம் என்றாலும், அடிப்படை அப்போது இருந்ததே.

அலகை உருவாக்கும் வழி மென்பொருளுக்கு மென்பொருள் சற்றே மாறும். போட்டோஷாப்பில் படத்தைத் தெரிவு செய்து, எடிட் பட்டியலில் உள்ள டிஃபைன் பேட்டர்ன் என்பதை அழுத்தினால் அது அலகாகச் சேமிக்கப்படும். இல்லஸ்ட்ரேட்டரில் 2012-இல் வந்த பதிப்பு முதல், அலகைத் திருத்தும்போதே அதன் அண்டைப் பிரதிகளையும் திரையில் கண்டுகொள்ளும் வசதி உண்டு. கோரல்டிராவில் இருநிற வடிவம், கோட்டுரு (வெக்டர்) வடிவம், புள்ளிப்பட வடிவம் என நிரப்பல்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. கட்டணமில்லாத இங்க்ஸ்கேப்பிலோ, ஓர் அலகைச் சுழற்றியும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பியும் பரப்புவதற்கு 17 முறைகள் தரப்பட்டுள்ளன. தளத்தில் ஒரு வடிவம் இரு திசைகளிலும் முடிவின்றித் திரும்ப வருவதற்கு 17 சமச்சீர் முறைகளே உள்ளன என்று 1891-இல் உருசிய அறிஞர் ஃபெதோரோவ் நிறுவிய கணித உண்மையே அந்த எண்ணிக்கைக்குக் காரணம். பட்டியல்களின் பெயர்களைப் பயிற்சியில் எவரும் சில நாள்களில் அறிந்துகொள்வர் என்பதால், நேயர்களின் கவனத்தை அலகின் உள்ளமைப்புக்குத் திருப்புவதே பயனுடையது.

அவ்வுள்ளமைப்பை நம் வாசல் கோலங்களிலேயே காணலாம். கோலம் இடும் பெண்கள் புள்ளி வைப்பதில் இரு முறைகளைக் கைக்கொள்கின்றனர். வரிசைக்கு வரிசை நேர்கீழாகப் புள்ளி வைப்பது நேர்ப்புள்ளி. மேல்வரிசையின் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடத்தில் கீழ்வரிசைப் புள்ளியை வைப்பது ஊடுபுள்ளி. 15 புள்ளியில் தொடங்கி 8 வரை ஊடுபுள்ளி என்று ஒருவர் சொன்னவுடன், நடுவரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8-இல் முடியும் அறுகோணம் கேட்பவரின் மனத்தில் எழுகிறது. அதில் மொத்தம் 169 புள்ளிகள். இல்லஸ்ட்ரேட்டரில் அலகுகளைப் பரப்பும் வகைகளாகக் கட்ட அடுக்கு, செங்கல் அடுக்கு, அறுகோண அடுக்கு என்று கொடுக்கப்பட்டிருப்பவற்றில் கட்ட அடுக்கு நேர்ப்புள்ளியே. அலகைப் பாதியளவு நகர்த்தி வைக்கும் செங்கல் அடுக்கு ஊடுபுள்ளியே. கோல நோட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு இவ்வசதியைத் தனியே விளக்கவேண்டிய தேவை எழுவதில்லை.

பாதி நகர்த்தும் வசதி இல்லாத மென்பொருளிலும் ஊடுபுள்ளியைப் பரப்ப முடியும் என்பதை நேயர்கள் ஒரு தாளில் வரைந்தே சரிபார்க்கலாம். அகலம் 100, உயரம் 173 என்ற அளவில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன் நடுவில் ஒரு முழுப்புள்ளியையும், நான்கு மூலைகளிலும் கால் கால் புள்ளியையும் வைத்தல் வேண்டும். இச்செவ்வகத்தைப் பரப்பும்போது, நான்கு செவ்வகங்கள் சந்திக்கும் இடத்தில் நான்கு கால்கள் கூடி ஒரு முழுப்புள்ளி ஆகிவிடும். எல்லாப் புள்ளிகளும் சம இடைவெளியில் அமைந்த ஊடுபுள்ளிப் பரப்பு தானே உருவாகும்.

சிக்குக் கோலத்தில் இவ்வறிவு இன்னும் ஆழமாகிறது. நேர்ப்புள்ளிச் சிக்கில், ஒரு புள்ளியைச் சுற்றிவரும் இழை அதன் நான்கு பக்கங்களில் எந்தப் பக்கத்திலும் அடுத்த புள்ளியின் இழையோடு குறுக்கிட்டுச் செல்லலாம், அல்லது குறுக்கிடாமல் வளைந்து திரும்பலாம். பக்கத்துக்கு இரண்டு வாய்ப்பு என்பதால் நான்கு பக்கங்களுக்கும் சேர்த்து 16 வாய்ப்புகள். திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றை நீக்கினால் எஞ்சுபவை 6 உருவங்கள் மட்டுமே. இழை குறுக்கிடும் பக்கம் திறந்தது, வளைந்து திரும்பும் பக்கம் மூடியது எனக் கொண்டால், நான்கு பக்கமும் மூடியது வட்டம், ஒரு பக்கம் மட்டும் திறந்தது துளி, எதிரெதிர்ப் பக்கங்கள் திறந்தது கண், நான்கும் திறந்தது சாய்சதுரம். அடுத்தடுத்த இரு பக்கம் திறந்ததும், மூன்று பக்கம் திறந்ததும் ஏனைய இரண்டு. இந்த ஆறே உருவங்களின் சேர்க்கையால் வாசல் நிறைந்துவிடுகிறது என்பது வியப்புக்குரியது. கணினி அறிவியலாரும் இவ்வியப்பைப் பகிர்ந்துகொண்டவர்களே: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனோடு இணைந்து, கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினிக்கான இலக்கணமாக வகுத்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

இவ்வுரையாளர் உடனிருந்த ஒரு வேலையை இங்குக் குறிப்பிடுதல் பொருந்தும். அமாவாசை அன்னதான அழைப்பிதழ் ஒன்றுக்குச் சிக்குக் கோலப் பின்னணி வேண்டும் என்று வந்த குடும்பத்தில், முதிய அம்மையார் ஒருவரும் இருந்தார். வடிவமைப்பாளர் ஒரு கோலத்தைச் சதுரமாக வெட்டித் திரையில் காட்டியபோது, அவர் விரலால் இழையைத் தொடர்ந்து சென்று, “தம்பி, இந்த ஓரத்துல இழை அந்து நிக்குது பாரு, அந்தாண்ட எதுல போய்ச் சேரும்?” என்று கேட்டார். மென்பொருள் பயின்ற எவரும் கேட்கவேண்டிய முதற்கேள்வி அதுவே. வலப்புற ஓரத்தில் வெளியேறும் இழை, இடப்புற ஓரத்தில் அதே உயரத்தில் உள்ளே வருதல் வேண்டும். வெளியேறிய சாய்விலேயே வருதல் வேண்டும். அதே தடிமனோடு வருதல் வேண்டும். இம்மூன்றும் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் பொருந்தும். வடிவமைப்பாளர், வெட்டுக்கோடு புள்ளிகளின் மேல் விழாமல் இரு புள்ளிகளுக்கு நட்டநடுவே விழுமாறு சதுரத்தை நகர்த்தினார். இழைகள் குறுக்கிடும் இடம் அதுவே ஆதலால், எதிரெதிர் ஓரங்களின் திறந்த பக்கங்களும் மூடிய பக்கங்களும் ஒத்திருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்தாலே போதுமாயிற்று. ஒத்திராத ஓர் ஓரத்தை எவ்வாறு வளைக்கவேண்டும் என்பதை அம்மையாரே பில் தாளின் பின்புறத்தில் வரைந்து காட்டினார்.

வேப்பிலை, எலுமிச்சை போன்ற உருவங்களுக்கு இழை இல்லை. எனினும் அவற்றுக்கும் ஓரமே சோதனை. போட்டோஷாப்பில் ஃபில்டர் பட்டியலின் ஆஃப்செட் என்னும் கருவி, அகலத்தில் பாதியும் உயரத்தில் பாதியும் அளவாகக் கொடுத்தால், படத்தை அவ்வளவு நகர்த்தி, வெளியே தள்ளப்பட்ட பகுதியை எதிர்ப்பக்கம் வழியாக உள்ளே கொண்டுவருகிறது. ஓரங்கள் நடுவுக்கு வந்துவிடுவதால், அங்குத் தெரியும் வெட்டின் மீது புதிய இலைகளை வரைந்து மறைத்துவிடலாம். ஒரேயோர் இலை மட்டும் பெரிதாகவோ பளிச்சென்றோ இருந்தால், பரப்பில் அது வரிசை வரிசையாகக் கண்ணை உறுத்தும் என்பதையும் நேயர்கள் நினைவிற்கொள்வது நன்று.

எஞ்சியவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 10 அடி அகலப் பதாகை அங்குலத்துக்கு 72 படப்புள்ளி (பிக்சல்) வீதம் அமைக்கப்பட்டால், அகலவாக்கில் 8,640 படப்புள்ளிகள் இருக்கும். அதில் 100 படப்புள்ளி அலகு ஏறத்தாழ 1.4 அங்குலமே ஆதலால், தொலைவில் நிற்பவருக்கு அது வெறும் மங்கலாகவே தெரியும். பார்வைத் தொலைவைக் கணித்தே அலகின் அளவைப் பெருக்குதல் வேண்டும். கோட்டுருவாக வரைந்த அலகு எவ்வளவு பெருக்கினாலும் சிதையாது. வடிவத்தைப் பெரிதாக்கும்போது அலகும் உடன் வளரவேண்டுமா என்பதை மென்பொருளில் முன்னரே தெரிவு செய்துகொள்ளுதல் வேண்டும். எழுத்து வரும் இடங்களில் பின்னணியின் அடர்த்தியைக் குறைக்காவிட்டால் அம்மன் பெயரே படிக்க முடியாமற்போகும். திரையில் அலகுகளுக்கிடையே தோன்றும் மெல்லிய வெண்கோடு பெரும்பாலும் திரையின் தோற்றமே ஆதலால், சிறு மாதிரி ஒன்றை அச்சிட்டுப் பார்த்து உறுதிசெய்வது போதுமானது.

அலகின் ஓரம் பொருந்துதல், அடுக்கைத் தெரிதல், தொலைவுக்கேற்ற அளவு ஆகிய மூன்றுமே இவ்வுரையின் சாரம். இவற்றைக் கற்ற வடிவமைப்பாளர்கள், மென்பொருளோடு வரும் அயல்நாட்டுப் பூக்களையே மீண்டும் மீண்டும் நிரப்புவதை விடுத்து, அடுத்த அமாவாசைக்குள் தம் தெருவின் கோலம் ஒன்றையேனும் அலகாக்கிப் பயன்படுத்துதல் வேண்டும். அதனை இட்டவரின் இசைவைப் பெற்று, அவர் பெயரையும் கோப்பில் குறித்துவைத்தல் வேண்டும். வீட்டில் பழைய கோல நோட்டு வைத்திருக்கும் நேயர்கள், அது பழைய தாள்களோடு எடைக்குப் போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பாதுகாக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.