பெயர் எழுதாத படங்கள்

(பொன்விழாக் குடும்ப தினத்தில் ஆற்றிய உரை)

 

இந்த மலருக்காகப் பழைய படங்களைக் கேட்டோம். அன்போடு கொண்டுவந்து தந்தீர்கள். ஆனால், "இதில் இருப்பவர் யார்?" என்று கேட்டபோது பல படங்களுக்குப் பதில் இல்லை. அதனால்தான் இன்று பழைய சிங்கப்பூரின் படக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச வந்தேன்.

தமிழ், அரபு வழித்தோன்றலான முன்ஷி அப்துல்லா, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நம் நகரம் அப்படியே பதிந்திருந்ததைக் கண்டு வியந்து, தம் 'ஹிக்காயத் அப்துல்லா' நூலில் எழுதினார். அந்த நூல் அச்சேறியது 1849இல்.

1867இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரைச் சேர்ந்த குஸ்தாவ் ரிச்சர்ட் லாம்பர்ட், ஹை ஸ்ட்ரீட்டில் படக்கூடம் திறந்தார். இடையில் ஊர் திரும்பி, 1877இல் மீண்டும் வந்து ஆர்ச்சர்ட் சாலையில் தொழில் நடத்தினார்.

அன்று படம் பிடிப்பது எளிதல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? உட்கார்ந்தவர் அசையாதிருக்கத் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். பிறகு முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்து அச்செடுப்பார்கள்.

சயாம் மன்னருக்கும் ஜொகூர் சுல்தானுக்கும் படம் எடுக்கும் சிறப்பு லாம்பர்ட்டின் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அவர் ஐரோப்பா திரும்பிய பின்னும் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டு வரை நடந்தது. மன்னர்கள், செல்வர்கள் படங்களில் பெயர் உண்டு. மாட்டுவண்டி ஓட்டிய, சுமை தூக்கிய நம்மவர்களையும் அக்காலப் படக்காரர்கள் எடுத்தார்கள், பயணிகளுக்கு விற்கத்தான். அவற்றின் கீழே 'கிளிங்' என்று மட்டும் அச்சிட்டார்கள். முகம் தெளிவாக இருக்கிறது. தலைப்பாகையின் மடிப்புகூடத் தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை.

அவர்களுக்கு நம் முன்னோர் வெறும் காட்சிப்பொருள், கேட்டு எழுதவில்லை. நமக்கு அவர்கள் வாப்பாவின் வாப்பா, உம்மாவின் உம்மா. நாமும் எழுதாமல் விட்டால் என்ன நியாயம்?

இன்றிரவே வீட்டிலுள்ள படங்களை எடுங்கள். பெரியவர்களைக் கேட்டு, பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். நூற்றாண்டு விழா மலரைத் தொகுக்கப்போகும் நம் பேரப்பிள்ளைகள், "இது யார்?" என்று திகைத்து நிற்கக் கூடாது.